ஓசிக் குடையும் இருபத்தைந்து ரூபாய்ப் பங்கும்

எங்கள் வீட்டில் ஏழு மணி செய்தி முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவது வழக்கம். 2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வழக்கம் மாறியது. சுதந்திர தினம் திங்கள்கிழமை வந்ததால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. சென்னையில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். அன்றைக்கு இரவு 9 மணிக்குத் தூர்தர்ஷனில் ‘ஸ்வராஜ்’ என்ற தொடர் ஆரம்பம். சுதந்திரப் போராட்டத்தின் முழுக் கதையையும் 75 பகுதிகளில் சொல்லப்போகிறோம் என்று ஒரு வாரமாக விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

இந்தித் தொடர். தமிழ் உட்பட வேறு மொழிகளிலும் குரல் கொடுத்துப் பின்னால் வெளியிட்டார்கள். அன்றைக்கு வந்தது இந்தியில்தான். எனக்கு இந்தி ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு அளவுக்குத்தான் தெரியும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். நடிகர்களை வைத்து நடித்துக்காட்டி வரலாற்றை வரிசையாகச் சொல்லும் தொடர். முதல் பகுதியே 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்ததைப் பற்றியது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுதந்திரப் போராட்டம் என்றால் 1857-ல் மீரட்டில் ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் காந்தியில் ஆரம்பிப்பார்கள். இவர்கள் கப்பலில் ஆரம்பித்திருந்தார்கள். துறைமுகத்தில் 37 வருஷம் வேலை பார்த்தவனுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

விளம்பர இடைவேளையில் பேத்தி கேட்டாள். “தாத்தா, இதுல நம்ம தூத்துக்குடி எப்ப வரும்?”

“வரும், வரும். வ.உ.சி. இல்லாம கதை முடியுமா?”

“நம்ம ஃபேமிலில யாராச்சும் சுதந்திரப் போராட்டத்துல இருந்தாங்களா? ப்ராஜெக்ட்ல எழுதணும்.”

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பதில் இருந்தது. அது ஒரு குடை.

குடைக்கு வருவதற்குமுன் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாஸ்கோடகாமா வந்து நாற்பது வருஷத்துக்குள் போர்ச்சுகீசியர் எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் காலூன்றிவிட்டார்கள். 1658-ல் அவர்களிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1825-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடி மாறியதே தவிர ஏற்பாடு மாறவில்லை. மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுத்தவன் பரதவன். அதை ஏற்றிக்கொண்டு போன கப்பல் அந்நியனுடையது. பிறகு பஞ்சு வந்தது, உப்பு வந்தது, கொழும்புக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போகும் ஜனம் வந்தது. கப்பல் மட்டும் அவன் கப்பல்தான்.

இந்தக் கரையில் வாளெடுத்தவர்களும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவர் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்த நாள் 1906 அக்டோபர் 16. தேதி தற்செயலாக அமைந்ததோ, தெரிந்தே வைத்ததோ, எனக்கு அந்தப் பொருத்தம் பிடிக்கும். 107 வருஷத்துக்குமுன் ஈட்டியும் வாளும் எடுத்துத் தோற்ற மண்ணில் இந்த முறை எடுத்த ஆயுதம் பங்குப் பத்திரம்.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஆசியாக்காரர்கள் மட்டும்தான் வாங்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். முதலில் வாடகைக் கப்பல் பிடித்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, எங்கள் ஊர்ப் பேச்சில் பி.ஐ. கம்பெனி, நெருக்கடி கொடுத்து அந்தக் கப்பலைத் திரும்பப் பெற வைத்தது. வ.உ.சி. பம்பாய் போனார். கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். சொன்னபடி 1907-ல் ‘காலியா’ என்ற கப்பல் வந்தது. ‘லாவோ’ என்ற இன்னொன்றும் வந்து சேர்ந்தது. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

அப்புறம்தான் கட்டணப் போட்டி. பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. பி.ஐ. கம்பெனி இனிமேல் பணமே வேண்டாம், சும்மா ஏறி வாருங்கள் என்றது. அதற்கும் மேலே போய், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம் என்றது. வ.உ.சி. வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி இது. படிக்கும்போது எல்லோருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வராது. அந்தக் குடைகளில் ஒன்று எங்கள் வீட்டு நடையில் ஆணியில் தொங்கியது.

என் தாத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா இல்லாத வீடு. கொழும்பில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர ஊர்க்காரர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். பழைய துறைமுகத்தில் கடல் ஆழம் குறைச்சல் என்பதால் ஸ்டீமர் ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகில் போய் ஏற வேண்டும். வழியனுப்ப அவருடைய அம்மா வந்திருந்தாள். வேட்டி முந்தியில் எட்டணா முடிந்துகொடுத்திருந்தாள், சுதேசிக் கப்பலுக்கு. கரையில் பி.ஐ. கம்பெனி ஆள் குடைகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தானாம். தாத்தா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்தியை அவிழ்த்து எட்டணாவை அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு அந்தப் படகில் ஏறிவிட்டார்.

இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆச்சிதான் சொல்வாள், அதுவும் சண்டை வரும் நேரத்தில். ஆச்சியின் அப்பா கருப்பட்டி மொத்த வியாபாரம். பெரிய வசதி கிடையாது. வ.உ.சி. கடற்கரையில் பேசுவதைத் தினமும் போய்க் கேட்பாராம். ஒருநாள் வீட்டுக்கு வந்து, மனைவியின் பாம்படத்தைக் கழற்றி வாங்கி அடகு வைத்து 25 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கிவிட்டார். பங்கு ஒன்றுதான். ஆனால் அன்று முதல் அவர் ‘நம்ம கப்பல்’ என்றே பேசினார். காலியா வந்தபோது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். ஆச்சிக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. தூரத்தில் புகை மட்டும் தெரிந்தது என்பாள்.

ஆக, குடை வாங்கினவருக்கும் பங்கு வாங்கினவர் மகளுக்கும் சில வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. கொழும்புக் கடை மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் மதிப்பு அதிகம்.

“எங்கப்பா கப்பல் வாங்குனாக, இவுக குடை வாங்குனாக.” இதுதான் ஆச்சியின் ஆயுதம். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தாத்தா சொன்னால் போதும், கப்பல் வந்துவிடும்.

தாத்தாவிடமும் ஓர் ஆயுதம் உண்டு. “உங்கப்பா காகிதத்துக்குப் புள்ளையா சோறு போட்டுது?” என்பார்.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்து கூலி உயர்வுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கும் சம்மதித்தது. ஊரே அப்போது அவர்கள் பக்கம். எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதி சவரத்தோடு கத்தியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்ற கதை இன்றும் வழங்குகிறது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நான்கு பேர் சாவு. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர் சிறையிலும் கண்ணூர் சிறையிலும் நாலரை வருஷம் இருந்தார். அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டியில் இருக்கிறது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள்.

25 ரூபாய்ப் பங்கு வெறும் காகிதம் ஆயிற்று. பாம்படம் அடகில் மூழ்கிப்போனது. எங்கள் பக்கத்துப் பழைய மனுஷிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாம்படம் போட்டு வளர்த்த காது தோளைத் தொடும். அந்த அம்மா சாகும்வரை வெறும் காதோடு இருந்தாளாம். “கண்ணாடியே பாக்க மாட்டா எங்கம்மை” என்று ஆச்சி சொல்லும்போது மட்டும் குரலில் சண்டை இருக்காது.

1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் வந்தது. பந்துலு எடுத்தது, சிவாஜி நடித்தது. எனக்கு எட்டு வயது. வீட்டோடு போனோம். தாத்தாவையும் அப்பா வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். கப்பல் வரும் காட்சியில் கொட்டகையில் விசில், கைதட்டல். திரும்பிப் பார்த்தால் தாத்தா இடத்தில் இல்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “தலைவலி” என்றார். ஆச்சி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரை அவருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். இன்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தப் படம் அப்போது சரியாக ஓடவில்லை என்று பிற்பாடு படித்தேன். கப்பலுக்குத்தான் டிக்கெட் வாங்கவில்லை, படத்துக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

1976-ல் நான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 5 அன்று தேசியக் கடல்சார் தினம் என்று சட்டையில் சின்னம் குத்திக்கொள்வோம். 1919-ல் சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாள் அது. மரியாதைக்குரிய நாள்தான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே எங்கள் ஊரில் ஒரு கப்பல் ஓடியது என்று பக்கத்து மேஜைக்காரரிடம் வருஷாவருஷம் சொல்வேன். அவரும் வருஷாவருஷம் தலையாட்டுவார். 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதமே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் விட்டார்கள். சுதேசிக் கம்பெனி கலைந்து சரியாக நூறு வருஷம். நான் போய் நின்று பார்த்தேன். நவம்பரில் அதுவும் நின்றுபோனது. கப்பல் ஓட்டுவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, வாரம் தவறாமல் டிக்கெட் வாங்க ஆள் வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

அடுக்களையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டு இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆச்சியின் அப்பா கதையை மட்டும் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன். பாதி உண்மை.

‘ஸ்வராஜ்’ மாதிரித் தொடர்களில் நமக்கு வசதியான இடம் ஒன்று இருக்கிறது. திரையில் வீரர் இருப்பார், வெள்ளைக்காரன் இருப்பான். ஒரு துரோகியும் இருப்பான், அவனுக்கு மீசை வேறு மாதிரி இருக்கும். பார்க்கிற நாம் வீரர் பக்கம் உட்கார்ந்துவிடுவோம். எட்டணாவை முந்தியில் வைத்துக்கொண்டு கரையில் நின்றவன் எந்தப் பக்கம்? அவன் காட்டிக்கொடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அம்மாவுக்கு எட்டணா மிச்சம் என்று நினைத்தான். வ.உ.சி.யைச் சிறையில் போட்டது சர்க்கார். கம்பெனியின் கழுத்தை நெரித்ததில் அதிகாரிகள் கொடுத்த தொல்லைக்குப் பங்கு உண்டு, பணமுடைக்குப் பங்கு உண்டு. என் தாத்தாவின் எட்டணாவுக்கும் பங்கு உண்டு. அதை ஒளித்தால் அந்த மனிதர் எதை எதிர்த்துக் கப்பல் ஓட்டினார் என்பதே முழுதாகத் தெரியாமல் போகும். எதிரி இனாமாகக் கொடுக்கும்போது நம் ஆளிடம் காசு கொடுத்து வாங்குங்கள் என்று ஏழை ஜனத்திடம் கேட்டார். அதைவிடக் கஷ்டமான கேள்வியை இன்றைக்கும் யாரும் நம்மிடம் கேட்பதில்லை. கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் நானும் வாங்குகிறேன்.

வ.உ.சி.யே இந்த ஜனத்தின்மேல் வன்மம் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. சிறையிலிருந்து வந்து அவர் பட்ட வறுமை எல்லோருக்கும் தெரிந்தது. பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நன்றி என்றால் வெள்ளைக்காரனிடமும் நன்றிதான். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு குடைக்காரனை மன்னித்திருக்க மாட்டாரா?

1936 நவம்பர் 18 அன்று வ.உ.சி. இந்த ஊரிலேயே காலமானார். தாத்தா அதற்குள் கொழும்பை விட்டு வந்து இங்கே சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு இறுதி ஊர்வலத்துக்குப் போனாராம். கார்த்திகை பிறந்த நேரம், மழைக்காலம். “குடையைத் தொடாமப் போனாக” என்று ஆச்சி ஒருமுறை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். சண்டையில் ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை.

தாத்தா 1968-ல் போனார். குடையின் துணி எப்போதோ இற்றுவிட்டது. வளைந்த பிடியை மட்டும் ஆச்சி ஒரு கம்பில் கட்டி முருங்கைக்காய் பறிக்க வைத்திருந்தாள். பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியோடு கரையான் தின்றது. பழைய வீட்டை விற்றபோது கம்பும் போயிற்று.

கூடத்துக்குத் திரும்பி வந்து பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொடர் ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் பார்க்கவில்லை. குடையில் சிரித்தாள். பாம்படம் என்றால் என்ன என்று கேட்டாள். கைபேசியில் படம் எடுத்துக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்ப ப்ராஜெக்ட்ல யாரைப் போடட்டும் தாத்தா? குடைத் தாத்தாவையா, கப்பல் தாத்தாவையா?”

“ரெண்டு பேரையும் போடு.”

எழுத ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “கம்மல் அவங்களுதுதானே? அவங்கதானே கழட்டிக் கொடுத்தாங்க? அந்தப் பாட்டி பேரு என்ன?”

ஆச்சி வாழ்நாள் முழுக்க ‘எங்கம்மை’ என்றுதான் சொன்னாள். நான் கேட்டதில்லை. என் அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை.

திருநெல்வேலியில் 1908-ல் நடந்ததைப் பற்றி ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்துக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்ததும் வாங்கிப் படித்தேன். படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் பெயர்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுப் பெயர் எதுவும் அதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

பேத்தி அன்றைக்கு ப்ராஜெக்டில் மூன்று வரி எழுதினாள். முதல் வரியில் கப்பல் தாத்தா பெயர், இரண்டாவதில் குடைத் தாத்தா பெயர். மூன்றாவதில் ‘பாம்படம் கொடுத்த பாட்டி’ என்று எழுதி, பெயருக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டுவைத்தாள்.